அறுவை மேடையும் எடைத் தராசும்

இரயில் நிலைய நடைமேடைகளில் ஒரு காலத்தில் நின்றிருந்த எடை பார்க்கும் இயந்திரத்தை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வண்ண விளக்குகள் மின்ன, வட்டத் தகடு ஒன்று சுழன்றுகொண்டிருக்க, மேடையில் ஏறி நின்று காசைப் போட்டால் ‘டக்’கென்று ஒரு தடித்த அட்டைச் சீட்டு வந்து விழும். சீட்டின் ஒரு பக்கத்தில் உங்கள் எடை. மறு பக்கத்தில் உங்கள் பலன். எடையைக் கொண்டே ஒருவருடைய எதிர்காலத்தைச் சொல்லிவிடலாம் என்று அந்த இயந்திரம் நம்பியது போலும்!

அந்த இயந்திரங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. அவை சொன்ன சாத்திரம் மறையவில்லை. வீட்டில் ஒருவருக்கு அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்ததும் உறவினர் கூடிப் பேசுவதைக் கேளுங்கள். “பருத்த உடம்பாயிற்றே, தாங்குமா?” என்பார் ஒருவர். “இவருக்கென்ன, ஒல்லியான தேகம். நாலாம் நாள் எழுந்து நடந்துவிடுவார்” என்பார் மற்றொருவர். இந்தப் பேச்சில் உண்மை எவ்வளவு, பிழை எவ்வளவு என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கேள்வி சிறியதன்று. அறுவைச் சிகிச்சை முடிந்த 30 நாட்களுக்குள் இறந்துபோகிறவர்கள் உலகில் ஆண்டுக்குச் சுமார் 42 இலட்சம் பேர் என்று 2019ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான ஒரு கணக்கு கூறுகிறது. காசநோய், மலேரியா, எய்ட்ஸ் மூன்றும் சேர்ந்து கொள்ளும் உயிர்களைவிட இது அதிகம். கத்தியின் பிழையால் நேர்பவை இவற்றில் ஒரு பகுதியே. கத்திக்குக் கீழே படுத்த உடல் எந்த நிலையில் வந்தது என்பதே பல வேளைகளில் முடிவைத் தீர்மானிக்கிறது.

ஒரு காட்சியை மனக்கண்ணால் காணுங்கள். சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு மருத்துவமனை. வெளிநோயாளர் பகுதியின் நீண்ட பெஞ்சில் இருவர் அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் 54 வயது அம்மாள். உயரம் 158 சென்டிமீட்டர், எடை 82 கிலோ. தொப்புளருகே குடலிறக்கம். இரத்த அழுத்தத்துக்கு நாள்தோறும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் வீடு. மின்தூக்கி பழுதாகும் நாட்களில் மந்தைவெளியில் வாங்கிய காய்கறிப் பையோடு படியேறிவிடுவார். மற்றவர் 66 வயதுப் பெரியவர். உயரம் 165 சென்டிமீட்டர், எடை 46 கிலோ. ஆறு மாதத்துக்கு முன் 58 கிலோ இருந்தார். நாற்பது ஆண்டுப் பீடிப் பழக்கம், விடாத இருமல், அந்த இருமலின் பரிசாகத் தொடை இடுக்கில் குடலிறக்கம். இருவரும் நாம் படைத்துக்கொண்ட மாந்தர்களே. ஆனால் எந்த மருத்துவமனைப் பெஞ்சிலும் இவர்களை நீங்கள் காணலாம்.

இவர்களில் அறுவைக்குப் பின் தொல்லைப்பட வாய்ப்பு அதிகம் உள்ளவர் யார்? உங்கள் விடையை மனத்தில் குறித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஓர் எண் பிறந்த கதை

வெறும் எடையைச் சொன்னால் போதாது, உயரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது நமக்குத் தெரியும். பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் குவெட்லெட் 1832ஆம் ஆண்டிலேயே இதற்கொரு வழி கண்டார். கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். அவர் மருத்துவரல்லர்; ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று கணக்கிட முயன்றவர். இந்த ஈவுக்கு இன்று வழங்கும் ‘உடல் நிறை எண்’ என்னும் பெயரை 1972இல் சூட்டியவர் அமெரிக்க உடலியல் அறிஞர் ஆன்சல் கீஸ். நம் அம்மாளுக்கு இந்த எண் ஏறத்தாழ 33, பெரியவருக்கு 17. நம் நாட்டு மருத்துவர்கள் கூடி வகுத்து 2009இல் வெளியிட்ட வரையறைப்படி 18 முதல் 22.9 வரை இயல்பு. 23க்கு மேல் மிகை எடை. 25க்கு மேல் உடற்பருமன். மேலை நாடுகளில் பருமன் தொடங்கும் எல்லை 30.

நமக்கு மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு? இதற்கு விடையாகப் புனே நகர மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004இல் ஒரு நயமான சான்றைக் காட்டினார். அவரும் அவருடைய ஆங்கில நண்பர் யுட்கின்னும் அருகருகே நின்று படம் எடுத்துக்கொண்டனர். இருவருக்கும் உடல் நிறை எண் ஒன்றே: 22.3. கொழுப்பை அளந்தபோது ஆங்கிலேயர் உடலில் 9.1 சதவீதமும் யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதமும் இருந்தன! ஒரே எடை, ஒரே எண். உள்ளே இருந்த சரக்கு மட்டும் வேறு. நம்மவர் பலரிடம் தசை குறைவு. கொழுப்போ வயிற்றைச் சுற்றிச் சேர்ந்திருக்கும். தராசுக்குத் தசையும் ஒன்றுதான், கொழுப்பும் ஒன்றுதான். அறுவை மேடையில் படுத்தவருக்கு அவை இரண்டும் ஒன்றல்ல.

இந்த வேறுபாட்டை முதலில் தெளிவாகக் காட்டியது பருத்தவர்களின் கதையன்று. மெலிந்தவர்களின் கதை.

இருபது சதவீதம்

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஸ்டட்லி என்ற அறுவை மருத்துவர் இருந்தார். நெடுநாள் வயிற்றுப் புண்ணால் வருந்தியவர்களுக்கு அக்காலத்தில் இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பது வழக்கம். (தமிழ்நாட்டிலும் குடற்புண் பல்லாயிரம் பேரை இந்த அறுவைக்குக் கொண்டு சென்ற காலம் ஒன்றிருந்தது. இன்று மாத்திரைகள் அதைப் பெரும்பாலும் மாற்றிவிட்டன.) ஒரே மருத்துவர், ஒரே அறுவை, சிலர் பிழைக்கின்றனர், சிலர் இறக்கின்றனர். ஏன்? வயது, நுரையீரல், இதயம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்த ஸ்டட்லி, நோயாளிகள் அறுவைக்கு முன் எவ்வளவு எடை இழந்திருந்தனர் என்பதையும் கணக்கிட்டார். 1936இல் அவர் வெளியிட்ட முடிவு இது: தம் வழக்கமான எடையில் 20 சதவீதத்துக்கு மேல் இழந்தவர்களில் நூற்றுக்கு 33 பேர் இறந்தனர். அதற்குக் குறைவாக இழந்தவர்களில் நூற்றுக்கு 3.5 பேரே இறந்தனர். அவர் ஆராய்ந்தது ஐம்பதுக்கும் உட்பட்ட சிறு குழுவைத்தான். ஆயினும் அவர் கண்டது இன்றுவரை பொய்க்கவில்லை.

இப்போது பெஞ்சில் இருக்கும் பெரியவரை மறுபடி பாருங்கள். 58 கிலோவில் 12 கிலோ போயிற்று. கணக்கிட்டால் 20 சதவீதத்தைத் தாண்டுகிறது.

எடை இழந்தால் என்ன கேடு? அறுவை என்பது உடலுக்கு ஒரு பெருங்காயம். காயம் பட்டதும் உடல் போர்க்கால நிலைக்கு மாறுகிறது. வெட்டுப்பட்ட இடத்தை இணைக்கப் புதிய இழைகள் நெய்யப்பட வேண்டும். கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களும் எதிர்ப்பொருள்களும் கூட்டங்கூட்டமாக உருவாக வேண்டும். இவற்றுக்கெல்லாம் மூலப்பொருள் புரதம். அறுவைக்குப் பின் முதல் சில நாட்களில் வாய் வழியே போதிய உணவு செல்லாது. எனவே உடல் தன் தசைகளையே கரைத்துப் புரதத்தை எடுத்துக்கொள்கிறது. தசை நம் உடலின் தானியக் குதிர். குதிர் நிறைந்தவர் பஞ்சத்தைக் கடப்பார். குதிர் ஏற்கெனவே காலியான பெரியவரோ எதை எடுப்பார்? மூச்சுவிடும் தசைகளும் மெலிகின்றன. இருமிச் சளியை வெளியேற்ற வலுவில்லை. தேங்கிய சளியில் நிமோனியா குடிபுகுகிறது. தையலும் பிரியக்கூடும்.

பருத்தவர் தப்பிய புதிர்

சரி, மெலிந்தவருக்கு ஆபத்து என்றால் பருத்தவருக்கு அதைவிட ஆபத்து என்றுதானே எதிர்பார்ப்போம்? சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் 6,336 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2003இல் முடிவை வெளியிட்டனர். திட்டமிட்டுச் செய்த பொது அறுவைகளில் பருத்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் மொத்தச் சிக்கல்களில் வேறுபாடு இல்லை. ஒன்றே ஒன்றில் மட்டும் வேறுபாடு தெரிந்தது: வயிற்றைத் திறந்து செய்யும் அறுவைகளில் பருத்தவர்களின் காயத்தில் சீழ் பிடிப்பது அதிகம். 2009இல் அமெரிக்காவில் 1,18,707 நோயாளிகளைக் கொண்டு செய்த ஆய்வு இன்னும் வியப்பளித்தது. இறப்பு விகிதம் இருமுனைகளில் அதிகம். மிக மெலிந்தவர்களிடமும் மிக மிகப் பருத்தவர்களிடமும். நடுவில் சற்றே பருத்தவர்கள், இயல்பான எடையுள்ளவர்களைக் காட்டிலும் நன்றாகவே பிழைத்தனர்! மருத்துவ உலகம் இதற்கு ‘பருமன் புதிர்’ என்று பெயர் வைத்தது.

இதைப் படித்துவிட்டு யாரும் வடையை இரண்டாகக் கூட்டிக்கொள்ள வேண்டாம். புதிருக்குப் பல விளக்கங்கள் உண்டு. சேமிப்பு உள்ள உடல் சில நாள் பட்டினியைத் தாங்கும் என்பது ஒன்று. மெலிந்தவர்களில் பலர் மறைந்திருக்கும் நோயாலேயே மெலிந்தவர்கள் என்பது மற்றொன்று. பருமனோடு இதயநோயும் சேர்ந்தவர்களை மருத்துவர்கள் அறுவைக்கே எடுத்துக்கொள்ளாமல் விடுவதால், பிழைக்கக்கூடியவர்கள் மட்டுமே கணக்கில் ஏறுகின்றனர் என்பது மூன்றாவது. என் மட்டில் இரண்டாம், மூன்றாம் விளக்கங்களுக்கே எடை அதிகம் என்று தோன்றுகிறது. எப்படியாயினும் நமக்குத் தேவையான செய்தி ஒன்று கிடைத்துவிட்டது. பருமன் ஒன்றை மட்டும் காட்டி ஒருவருக்கு வேண்டிய அறுவையை மறுப்பதற்கு இந்தக் கணக்குகளில் ஆதாரம் இல்லை.

தமிழ்நாட்டில் இது எத்தனை பேரைத் தொடும் செய்தி தெரியுமா? 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் மாநிலத்துப் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கு உடல் நிறை எண் 25க்கு மேல். அதே மாநிலத்தில் நூற்றுக்கு 12 பெண்களுக்கு மேல் 18.5ஐக்கூட எட்டாதவர்கள். இரு முனைகளும் ஒரே தெருவில் வாழ்கின்றன.

மூச்சு, காயம், கட்டி

பருமன் குற்றமற்றது என்று விட்டுவிடவும் முடியாது. எங்கே, எப்படி அது இடர் செய்கிறது என்று அறிந்தால், மருத்துவர் ஏன் சில ஏற்பாடுகளைச் செய்கிறார் என்பது விளங்கும்.

முதலில் மூச்சு. நீங்கள் மூச்சை வெளியே விட்ட பின்னும் நுரையீரலில் கொஞ்சம் காற்று எஞ்சி நிற்கும். அதுதான் நம் கையிருப்பு. மல்லாந்து படுத்தால் வயிற்றின் பளு உதரவிதானத்தை மேலே தள்ளி, இந்தக் கையிருப்பைக் குறைக்கிறது. பெரிய வயிறானால் பெருங்குறைவு. பொது மயக்கம் கொடுக்கும்போது நோயாளியின் சொந்த மூச்சு நின்று, குழாய் செருகிச் செயற்கை மூச்சு தொடங்கும் வரை ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைக் கடக்க, முன்கூட்டியே முகமூடி வழியாக ஆக்ஸிஜனை நிறைத்து வைக்கின்றனர். அப்படி நிறைத்தும், இயல்பான எடையுள்ளவரின் இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையத் தொடங்க ஆறு நிமிடம் ஆயிற்று. மிகப் பருத்தவருக்கு மூன்று நிமிடத்துக்கும் குறைவு என்று 1991ஆம் ஆண்டு ஆய்வொன்று அளந்து காட்டியது. மயக்க மருத்துவருக்கு அந்த மூன்று நிமிடம் பெரிய செல்வம். எனவேதான் பருத்தவரை மேடையில் தட்டையாகக் கிடத்தாமல், தலையும் தோளும் உயர்ந்திருக்கும்படி சரிவாகப் படுக்க வைக்கின்றனர்.

இதோடு குறட்டையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் குறட்டையை நகைப்புக்குரிய பொருளாக்கிவிட்டோம். உறக்கத்தில் தொண்டையின் மென்தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்ளும் நோய் ஒன்றுண்டு. உறங்குபவர் சில விநாடி மூச்சற்றுக் கிடந்து, திணறி, மறுபடி குறட்டையைத் தொடர்வார். அறுவைக்குப் பின் வலிக்காகக் கொடுக்கும் மார்பின் வகை மருந்துகள் இந்தத் தளர்ச்சியை மிகுவிக்கும். திணறி விழிக்கும் தற்காப்பையும் மழுக்கும். நோயாளிக்குத் தன் குறட்டை தெரியாது. அதை அறிந்தவர் பக்கத்தில் படுப்பவர்தாம். அதனால்தான் மயக்க மருத்துவர் கணவனையோ மனைவியையோ அழைத்து, “இரவில் மூச்சு நின்று நின்று வருகிறதா?” என்று கேட்கிறார். வெட்கப்பட்டுச் சிரித்து மழுப்பும் இடம் இதுவன்று.

அடுத்தது காயம். கொழுப்புத் திசுவில் இரத்தக் குழாய்கள் சிக்கனமாகவே ஓடுகின்றன. வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்வதற்கு ஆக்ஸிஜன் வேண்டும்; அதைக் கொண்டு வருவது இரத்தம். கிருமிக்கொல்லி மருந்தும் அதே வழியில்தான் வர வேண்டும். நான்கு விரற்கடை ஆழமுள்ள கொழுப்பை வெட்டித் தைத்தால் நடுவே சிறு பள்ளங்கள் விழுந்து, அவற்றில் நீர் கோத்து, கிருமிக்கு நல்ல விளைநிலமாகிவிடும். இதற்கு ஒரு விடை மருந்தின் அளவைக் கூட்டுவது. அறுவைக்குச் சற்றுமுன் போடும் செஃபசோலின் ஊசி பெரியவர்களுக்கு வழக்கமாக 2 கிராம். 120 கிலோவைத் தாண்டியவர்களுக்கு 3 கிராம். மற்றொரு விடை வெட்டையே சிறிதாக்குவது. 1985இல் ஜெர்மானியர் எரிக் மூஹே பித்தப்பையைச் சிறு துளைகள் வழியாக அகற்றிக் காட்டினார். 1990இல் மும்பையில் மருத்துவர் உத்வாடியா இந்தியாவில் அதைத் தொடங்கி வைத்தார். இந்தத் துளைவழி அறுவையால் மிகுந்த நன்மை பெற்றவர்கள் பருத்தவர்களே. சூரிக் ஆய்விலும் காயத்தின் சீழ் திறந்த அறுவையில்தான் கூடுதலாக இருந்தது என்பதை நினைவுகூருங்கள்.

மூன்றாவது, காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைந்து கட்டியாதல். ஓட்டம் மந்தமாவது, குழாயின் சுவர் புண்படுவது, இரத்தம் உறையும் இயல்பு மிகுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் கட்டி உண்டாகும். அறுவை மூன்றையும் ஒருங்கே அழைத்து வருகிறது. பருமன், உறைந்ததைக் கரைக்கும் ஆற்றலைக் குறைத்து அதற்குத் துணை போகிறது. கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் நிமிடங்களில் உயிர் போகலாம். அறுவையான அன்றோ மறுநாளோ செவிலியர் வந்து, “எழுந்து நடங்கள்” என்று விரட்டும்போது, “இவ்வளவு பெரிய ஆபரேஷன் ஆகியிருக்கிறது, ஓய்வெடுக்க விடக்கூடாதா?” என்று உறவினர் சண்டைக்குப் போவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்த நாலடி நடைதான் மருந்து.

தராசுக்குத் தெரியாதவை

ராஜா அண்ணாமலைபுரத்தின் துர்காபாய் தேஷ்முக் சாலையில் இன்று ஒரு மகளிர் கல்லூரி இருக்கிறது. அந்த இடத்தில் முன்பு இருந்தது எம்.ஜி.ஆரின் சத்யா ஸ்டூடியோ. உடற்பயிற்சியால் உருவான அவருடைய உடற்கட்டைத் தமிழ்நாடே அறியும். தராசு அவரிடம் எந்தக் குறையும் கண்டிருக்காது. ஆனால் அவருக்கு நீரிழிவு இருந்தது. 1984 அக்டோபர் 5 அன்று, முதலமைச்சராக இருந்தபோது, சென்னை அப்பல்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சிறுநீரகங்கள் செயலிழந்திருந்தன, அதன் மேல் பக்கவாதமும் தாக்கியது. நவம்பர் 5 அன்று விமானத்தில் நியூயார்க் கொண்டு செல்லப்பட்டு, புரூக்ளினில் உள்ள டவுன்ஸ்டேட் மருத்துவ மையத்தில் சேர்ந்தார். அண்ணன் மகள் ஒரு சிறுநீரகத்தைத் தர முன்வந்தார். மாற்று அறுவை நடந்தது டிசம்பர் 19 அன்று. வந்திறங்கிய நாளுக்கும் அறுவைக்கும் நடுவே ஆறு வாரங்களுக்கு மேல் இருப்பதைக் கவனியுங்கள். இப்படிப்பட்ட நோயாளியை அறுவைக்கு ஆயத்தமாக்குவது எங்குமே பெரும் பணி. இரத்தத்தில் தேங்கிய கழிவை நீக்க வேண்டும். சர்க்கரையைப் பிடிக்குள் கொண்டுவர வேண்டும். பக்கவாதத்துக்குப் பின் மூளை நிலைப்பட அவகாசம் வேண்டும். 1985 பிப்ரவரி 4 அன்று அவர் சென்னை திரும்பினார். மேலும் ஏறத்தாழ மூன்றாண்டுகள் வாழ்ந்தார்.

சர்க்கரை ஏன் இவ்வளவு முக்கியம்? இரத்தத்தில் குளுகோஸ் மிகுந்தால் வெள்ளணுக்கள் சோம்பிப் போகின்றன. கிருமியைத் துரத்திப் பிடித்து விழுங்கும் வேகம் குறைகிறது. புதிய இழை நெய்வதும் தாமதமாகிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தச் சோதனையின் அளவு 8 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், அவசரமில்லாத அறுவையைப் பல மருத்துவர்கள் தள்ளி வைக்கின்றனர். நம் பெரியவருக்கு யாரும் சர்க்கரையைச் சோதித்ததே இல்லை. காரணமின்றி ஆறு மாதத்தில் 12 கிலோ இறங்கியவருக்கு முதலில் பார்க்க வேண்டியவற்றில் அதுவும் ஒன்று.

இனி அவருடைய பீடி. டென்மார்க்கில் இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்று அறுவைக்குக் காத்திருந்த புகைப்பிடிப்பவர்கள் 120 பேரை இரு கூறாகப் பிரித்தனர். ஒரு கூறினருக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னதாகவே புகையை விட உதவி செய்தனர். மற்றவர்களை அவர்கள் போக்கில் விட்டனர். 2002இல் வெளியான முடிவில், உதவி பெற்றவர்களில் நூற்றுக்கு 18 பேருக்குச் சிக்கல் நேர்ந்தது. மற்றவர்களில் நூற்றுக்கு 52 பேருக்கு! புதிய மருந்தில்லை, புதிய கருவியில்லை. அறுவை மருத்துவத்தில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பெரிய நன்மை தரும் செயல் வேறெதுவும் என் நினைவுக்கு வரவில்லை.

இரத்தச்சோகையையும் மறக்கலாகாது. மேற்சொன்ன குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் சோகையுள்ளவர்கள். பருத்த பெண்ணுக்குச் சோகை இராது என்று எண்ணுவது தவறு. இரும்புச் சத்து கிலோக் கணக்கில் வருவதில்லை. சில வாரம் முன்னதாகக் கண்டுபிடித்தால் மாத்திரையோ ஊசியோ போதும். அறுவையன்று கண்டுபிடித்தால் பிறர் இரத்தத்தைத் தேட வேண்டும்.

பிறகு உடலின் மொத்த வலு. இதற்கு மருத்துவர்கள் கையாளும் பழைய சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். நிற்காமல் இரண்டு மாடிப் படி ஏற முடிகிறதா? பறக்கும் இரயிலின் கிரீன்வேஸ் சாலை நிலையத்தில் நடைமேடைக்குப் படியேறுபவர்களைப் பாருங்கள். பாதியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மூச்சு வாங்கும் ஒல்லியானவரும் உண்டு. பேசிக்கொண்டே ஏறிவிடும் பருத்தவரும் உண்டு. இதயமும் நுரையீரலும் கூடுதல் சுமையைத் தாங்குமா என்பதைப் படிகள் சொல்லும் அளவுக்குத் தராசு சொல்லாது. மூட்டு வலியால் ஏற முடியாதவர்களுக்கு வேறு சோதனைகள் உண்டு.

இவை அனைத்தையும் சேர்த்துப் பார்த்து நோயாளியை ஒரு வகுப்பில் வைக்கும் முறையை அமெரிக்க மயக்க மருத்துவர்கள் 1941இலேயே தொடங்கினர். அதன் இன்றைய வடிவத்தில் பருமனுக்கும் இடமுண்டு. உடல் நிறை எண் 30 முதல் 40 வரை இரண்டாம் வகுப்பு. அதாவது கட்டுப்பாட்டில் உள்ள இரத்த அழுத்தத்துக்குச் சமம். 40ஐத் தாண்டினால் மூன்றாம் வகுப்பு. கட்டுக்கடங்காத நீரிழிவுக்கும் அதே மூன்றாம் வகுப்புத்தான்.

“இளைத்துவிட்டு வாருங்கள்”

முழங்கால் தேய்ந்தவரிடம் “எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்” என்று சொல்லி அனுப்புவது எளிது. நடக்கவே முடியாதவர் எப்படி இளைப்பார்? எண் 40ஐத் தாண்டியவர்களுக்கு மாற்று மூட்டில் கிருமித் தொற்று கூடுவது உண்மை. பல மருத்துவர்கள் அங்கே கோடு கிழிப்பதும் அதனால்தான். அந்தக் கோட்டுக்கு மேல் இருப்பவருக்கு உணவு வல்லுநர், பயிற்சி, மருந்து என்று வழிகாட்டி அனுப்ப வேண்டும். வெறுங்கையோடு அனுப்புவது சிகிச்சையாகாது. நோயாளி தானாகப் பட்டினி கிடந்து, ஒரு மாதத்தில் பத்துக் கிலோ இறக்குவதும் கேடு. அப்படி இறங்குவதில் தசையும் போகும். ஸ்டட்லி கண்ட பள்ளத்தை நோக்கி அவர் நடக்கத் தொடங்கிவிடுவார். எடை குறைப்பு அறுவைக்கு முன் இரண்டு வாரம் குறைகலோரி உணவு கொடுப்பது வேறு. அது கொழுப்பேறிய கல்லீரலைச் சுருக்கி, அதன் பின்னேயுள்ள இரைப்பையை எட்ட வழி செய்வதற்கு, மருத்துவர் கண்காணிப்பில் நடப்பது.

பெரியவருக்கு வேண்டியது நேர்மாறானது. முட்டை, பருப்பு, பால், மீன் என்று புரதம் மிகுந்த உணவு. கூடவே நாள்தோறும் நடை. உணவை மட்டும் கூட்டினால் கொழுப்புத்தான் சேரும். தசை சேரத் தசையை இயக்க வேண்டும்.

காத்திருக்க நேரமில்லாத அறுவைகளும் உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். இறங்கிய குடல் சிக்கி, வலியும் வாந்தியும் கண்டு, புடைப்பு உள்ளே போக மறுத்தால் பீடியையும் சர்க்கரையையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அன்றே அறுவை. திருத்தக்கூடியவற்றை முன்பே திருத்தி வைக்காததற்கான விலையை அன்றுதான் கொடுக்க நேர்கிறது.

ஒரு டம்ளர் காப்பி

மயக்க மருத்துவர் அறுவைக்கு முன் நோயாளியைப் பார்க்க வருவார். பல குடும்பங்களில் அவரை முக்கியமானவராக எண்ணுவதில்லை. பெரிய டாக்டரிடம் சொன்னதை இவரிடமும் சொல்ல வேண்டுமா என்று அலுத்துக்கொள்கின்றனர். பீடியை மறைக்கின்றனர், மதுவை மறைக்கின்றனர், நாட்டு மருந்தை மறைக்கின்றனர். மறைத்தவை மேடையில் வெளிப்படும்.

மிகச் சாதாரணமான மறைப்பு ஒரு டம்ளர் காப்பி. “வெறும் வயிற்றோடு எப்படி அனுப்புவது?” என்று விடியற்காலையில் அன்போடு கொடுத்துவிடுகிறார்கள். மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்ததும் இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கக்கூடும். பிரசவ மயக்கத்தில் இவ்வாறு நேர்ந்த 66 பேரை ஆராய்ந்து, நியூயார்க் மருத்துவர் மெண்டல்சன் 1946இல் இந்த ஆபத்தை உலகுக்கு விளக்கினார். தெளிந்த நீரை அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்வரை அருந்தலாம் என்பது இன்றைய பொது விதி. பால் கலந்த காப்பி நீரன்று. இரைப்பையில் பால் தயிர்போல் திரள்வதால் அது சிற்றுண்டிக் கணக்கில் சேரும். ஆறு மணி நேரம் வேண்டும்.

இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த, வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் எடை குறைப்பு ஊசிகள், இரைப்பை காலியாவதையே மெதுவாக்கிப் பசியை அடக்குகின்றன. விதிப்படி பட்டினி இருந்தும் இரைப்பை நிறைந்தே இருக்கலாம். ஊசி போடுவதை வெளியில் சொல்லக் கூச்சப்படுபவர்கள் உண்டு. மயக்க மருத்துவரிடம் அந்தக் கூச்சம் கூடாது. சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரை வகையையும் அறுவைக்கு மூன்று நான்கு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று அவரே சொல்ல வேண்டும். நாமாக முடிவு செய்யக்கூடாது. இரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவற்றை அறுவையன்று காலையிலும் ஒரு வாய் நீரோடு விழுங்க வேண்டியிருக்கும்.

பெஞ்சில் இருந்த இருவரும் எழுந்து உள்ளே சென்று வந்துவிட்டனர். அம்மாளுக்கு அடுத்த வாரமே நாள் குறித்தாயிற்று. துளைவழி அறுவை. அவருடைய கணவர் குறட்டையைப் பற்றி ஒளிக்காமல் சொன்னதால், முதல் இரவு ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவியை விரலில் மாட்டி, தலைப்பக்கம் உயர்த்தி, செவிலியர் கண்ணெதிரே உள்ள படுக்கையில் வைத்திருப்பார்கள். மார்பினைத் தவிர்த்து வேறு வலி மருந்து கொடுப்பார்கள். பெரியவருக்கு உடனே நாள் கொடுக்கவில்லை. சர்க்கரை, சளி, மார்புப் படம் என்று சோதனைச் சீட்டு ஒன்று. உணவுக் குறிப்பு ஒன்று. பீடியை விட ஆலோசனை. கூடவே மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவி ஒன்றையும் கையில் கொடுத்திருக்கிறார்கள். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளிழுத்தால் பந்துகள் மேலே எழும்; நுரையீரலுக்கு அது பயிற்சி. பெஞ்சிலேயே உட்கார்ந்து இழுத்துப் பார்க்கிறார். முதல் பந்து மட்டும் எழுகிறது. மூன்றும் எழட்டும், ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார் மருத்துவர்.